தம்பிக்கு ஒரு ஸ்டிரர்

மெல்போர்னில் இருக்கும் தம்பி வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். ஈஸ்ட் பெருக்க மேக்னடிக் ஸ்டிரர் எது வாங்கலாம் என்று நேற்று வீடியோ காலில் கேட்டான். அடியில் ஒரு காந்தம் சுழன்று, மேலே வைத்த குடுவைக்குள் கிடக்கும் காந்தக் குச்சியையும் சுழற்றிக் கலக்கும் மிஷின் அது. காரைக்குடி லேபில் இருபது வருஷம் குப்பை கொட்டிய அண்ணனிடம் கேட்காமல் யாரிடம் கேட்பான்!

ஹீட்டர் வைத்ததைப் பார்த்து மயங்காதே என்றேன். ஈஸ்டுக்கு 20-25 டிகிரி போதும். 2 லிட்டர் குடுவையைத் தாங்க வேண்டும், வேகத்தை மெல்ல மெல்லக் கூட்ட முடிய வேண்டும். முக்கியம் இந்த இரண்டாவதுதான். எடுத்த எடுப்பிலேயே வேகம் வைத்தால் உள்ளே கிடக்கும் காந்தக் குச்சி பிடி விட்டு ஓரத்தில் போய்த் துள்ளும். குடுவையின் அடி மேடாக இருந்தாலும் அதே கதை. சுழலும் கரைசலின் மேலே சின்னக் குழி விழுந்தால் போதும், சூறாவளி வேண்டாம். ஈஸ்டுக்குத் தீனியாக, லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மால்ட் பவுடர் (முளைகட்டிய பார்லிச் சாற்றின் பொடி). வாயை ஃபாயிலால் தளர்வாக மூடினால் சரி, பெருகும்போது ஈஸ்டுக்கு ஆக்சிஜன் வேண்டுமே. கையில் காசில்லை என்றால் பழைய கம்ப்யூட்டர் ஃபேனில் காந்தம் ஒட்டியும் ஓட்டலாம்.

முகப்பில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா சொன்னது: "இட்லி மாவு பொங்க நான் கையாலதானடா கரைக்கிறேன், இதுக்கு ஒரு மிஷினா?"

தம்பி இன்னும் ஆர்டர் போடவில்லை.