மதுரைத் திட்டத்தின் மதுரை அலுவலகம்

பிரவுசிங் சென்டர் உரிமையாளரின் தயவு இல்லாமல் 2003 வாக்கில் மதுரையில் எவரும் இணையத்தில் தமிழ் படித்திருக்க முடியாது. ஒவ்வொரு நாளேடும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ஒன்றின் எழுத்துருவைக் கொண்டு மற்றொன்றைப் படிக்க இயலாது. தரவிறக்கும் கோப்பு எதுவாயினும் அதனுள் வைரஸ் இருக்கும் என்று உறுதியாக நம்பிய உரிமையாளர்களோ, எழுத்துரு நிறுவ வேண்டும் என்று கேட்பவரை மேலும் கீழும் பார்த்தார்கள். சிம்மக்கல் பக்கம் தட்டச்சுப் பயிலகம் நடத்தி, ஒரு தலைமுறைப் பிள்ளைகளை லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகளுக்கு அனுப்பிய என் மாமா, கணினிகள் வந்து பயிலகம் படுத்துவிட்ட பிறகு, எதிரியின் கோட்டைக்குள்ளேயே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து என்னை அழைத்துக்கொண்டு ஒரு சென்டருக்குள் நுழைந்தது அந்தக் காலத்தில்தான்.

அங்கே முதன்முதலில் அவர் கண்ட தமிழ், தமிழாக இல்லை. அப்போது பலரும் பயன்படுத்திய குறியேற்றம், அதாவது கணினியில் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் முறை, திஸ்கி. கணினி எழுத்துகளுக்கு ஒதுக்கியிருந்த 256 இடங்களில் முதற்பாதியை ஆங்கிலத்துக்கு அப்படியே விட்டுவிட்டு, ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளும் பின்னங்களும் நாணயக் குறிகளும் இருந்த பிற்பாதியில் தமிழைக் குடியேற்றிய ஏற்பாடு அது. உரிய எழுத்துரு இல்லையென்றால் பழைய குடித்தனக்காரர்களே திரையில் வந்து நிற்பார்கள். ஆகவே ‘தமிழ்’ என்ற சொல் ஒரு முக்கால் குறியும், தலையில் கோடு வைத்த ஏ எழுத்தும், அமெரிக்கச் சென்ட் காசின் குறியும், அதே போலக் கோடு வைத்த யூ எழுத்தும் ஆகத் தெரிந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“தமிழ முக்காலாக்கி, கூட ஒரு சென்ட் காசும் போட்டு வச்சிருக்கானுக மாப்ள.”

உரிமையாளரிடம் மன்றாடி இணைமதி எழுத்துருவை நிறுவி, உலாவியில் வியூ, அதற்குள் என்கோடிங், அதற்குள் யூசர் டிஃபைண்ட் என்று போய் ஒரு சொடுக்குச் சொடுக்கியதும், முக்காலும் காசும் மறைந்து எழுத்துகள் ஒழுங்காக வந்து நின்றன. மாமா அந்த வழியை, ஊருக்குப் பேருந்து மாறிப் போகும் விவரத்தைக் குறிப்பதுபோல், டைரியில் எழுதிக்கொண்டார். நான் திறந்து காட்டியிருந்தது மதுரைத் திட்டத்தின் பக்கம். எதிரே இருந்தது திருக்குறள். 1998 பொங்கலன்று தொடங்கிய அத்திட்டத்தின் முதல் மின்னூல் அதுதான். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் எவரும் காசில்லாமல் படிக்கும்படி வைக்கிறார்கள் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மாமா நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

“தட்டச்சு செய்ய ஆள் வேணுமா? ஆபீஸ் எங்க இருக்கு?”

மதுரையில் அப்படி ஓர் அலுவலகம் இருக்காது என்று நான் சொன்னது எடுபடவில்லை. பெயரிலேயே ஊர் இருக்கும்போது ஊரில் அலுவலகம் இல்லாமல் எப்படிப் போகும் என்பது அவர் வாதம். இன்னொரு வலுவான சான்றும் அவரிடம் இருந்தது: 1901இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய தமிழ்ச் சங்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, தமிழ் நூல் சம்பந்தப்பட்ட அலுவலகம் அந்தச் சாலையில் அல்லாமல் வேறெங்கே இருக்கும்? ஆகவே தமிழ்ச் சங்கம் சாலையில் வெயிலோடு நடந்து, கடை கடையாக விசாரித்தோம்.

மதுரையில் ‘திட்டம்’ என்றால் மக்கள் மனத்தில் என்ன தோன்றும் என்பதை அன்று நன்றாகத் தெரிந்துகொண்டேன். தேநீர்க் கடைக்காரர், “எந்தத் திட்டம், தண்ணித் திட்டமா, பாதாளச் சாக்கடையா?” என்று கேட்டார். ஜெராக்ஸ் கடைக்காரர், தல்லாகுளத்தில் மாநகராட்சியின் அறிஞர் அண்ணா மாளிகைக்குப் போகச் சொன்னதோடு, எந்தப் பேருந்தில் ஏறுவது என்றும் சொன்னார். நிழலில் நின்றிருந்த ஆட்டோக்காரர் எந்தத் திட்டமானாலும் கொண்டுபோய் இறக்கிவிடத் தயாராக இருந்தார். இது இணையத் திட்டம் என்று மாமா விளக்கிய ஒரே இடத்தில், “அப்ப ஒயரு எங்க வரைக்கும் வந்திருக்கு?” என்று கேள்வி வந்தது.

மறுபடி சென்டருக்கு வந்து, திட்டத்தின் பக்கத்தையே அவருக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். தன்னார்வலர்கள் உலகெங்கும் பரவியிருக்கிறார்கள். ஒருங்கிணைப்பவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம்; அவர் இருப்பது சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில். பழந்தமிழ்ச் சங்கம் இருந்த ஊர் என்பதால் மதுரையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மதுரைத் திட்டத்துக்கு மதுரையில ஒரு ஆளு கூடவா இல்லாமப் போயிட்டான்?” என்றார். அந்தக் குறையைத் தாமே தீர்த்துவைப்பது என்று அவர் தீர்மானித்துவிட்டது குரலிலேயே தெரிந்தது.

அடுத்த வில்லங்கம் விசைப்பலகை. அப்போது பிரபலமாக இருந்த முறையில் ‘அம்மா’ என்று வரவழைக்க ஆங்கிலத்தில் அம்மாவை ஒலிபெயர்த்து அடிக்க வேண்டும். தமிழ் எழுத இங்கிலீசுக்காரனிடம் போய் நிற்பதா என்று அவர் மறுத்துவிட்டார். அவர் கை பழகிய தட்டச்சுப் பொறியிலோ புள்ளி விசையை அழுத்தினால் தாளைத் தாங்கி நகரும் வண்டி நகராது. ஆகவே புள்ளியை முதலில் வைத்து, எழுத்தை அதன் கீழே அடிக்க வேண்டும். புள்ளியை முன்னால் அடித்தே பழகிய விரல்களை ஒலிபெயர்ப்புக்குத் திருப்புவது நடக்கிற காரியம் இல்லை. நல்லவேளையாக முரசு அஞ்சல் மென்பொருளில் தட்டச்சுப் பொறி விசை அமைப்பையும் தேர்ந்தெடுக்க முடிந்தது. அதைச் செய்த புண்ணியவானை மாமா வாய்விட்டு வாழ்த்தினார்.

அதன்பின் அந்தச் சென்டரில் நிகழ்ந்தவற்றுக்கு மாமாவின் ரெமிங்டன் தட்டச்சுப் பொறிதான் பொறுப்பு. இரும்பு விசைகளை இறக்கப் பழகிய விரல்கள் அந்த அற்பப் பிளாஸ்டிக்கின் மீது இறங்கியபோது, பக்கத்து மேசையில் சாட்டிங் செய்துகொண்டிருந்த கல்லூரிப் பையன் நிமிர்ந்து பார்த்தான். வரி முடியும்போதெல்லாம் மாமாவின் இடக்கை வண்டியைத் தள்ளுவதற்காகக் காற்றில் பறந்து, தடுப்புப் பலகையைத் தட்டிவிட்டுத் திரும்பியது. பின்னர் அந்த வேலையை எண்டர் விசைக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் உரிய இடத்தில் ஒடித்தார். உரைநடையாக இருந்திருந்தால் பிழை திருத்துபவர் அழுதிருப்பார். அவர் எடுத்துக்கொண்டது செய்யுள் என்பதால் அந்தப் பழக்கமே தகுதியாகிவிட்டது. விசைப்பலகையைச் சற்று மெதுவாகத் தொடும்படி உரிமையாளர் கேட்டுக்கொண்டதற்கு, “ஹையர்ல மெதுவா அடிச்சா பெயில்” என்று பதில் வந்தது.

நூல் முடிவதற்கு முன்பே, தாம் மதுரைத் திட்டத்தில் சேர்ந்துவிட்ட செய்தியை மாமா தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். சிறிது நாளில் பின்தெரு அம்மா ஒருவர், கையில் ரேஷன் அட்டையோடும் வீட்டு வரி ரசீதோடும் வாசலில் வந்து நின்று, தங்கள் சந்தில் மட்டும் குழாயில் தண்ணீர் ஏறவே இல்லை என்றும், திட்டத்தில் பெரிய ஆளாக இருக்கும் ஐயா மனது வைத்தால் நடக்கும் என்றும் முறையிட்டார். குறியேற்றத்திலிருந்து லோசான் வரை மாமா பொறுமையாக எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அந்த அம்மா, “அதெல்லாம் சரிங்கய்யா, தண்ணி எப்ப வரும்?” என்றார்.

மாமா உள்ளே போய், உறை போட்டு மூடியிருந்த ரெமிங்டனைத் திறந்து, ஆணையர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தைக் கார்பன் வைத்து இரண்டு படிகளாக அடித்துக் கொடுத்தார்.