கல்லும் பிள்ளையும்

பதினோரு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தவள் நான். பிள்ளை தந்தால் யோர்தான் கரைக்குத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்தோத்திரம் சொல்லுவேன் என்று பொருத்தனை பண்ணியிருந்தேன். மகளுக்கு நாலு வயதான பிறகுதான் அதைச் செலுத்த முடிந்தது.

எரிகோவுக்குக் கிழக்கே கஸர் எல் யாகூத். யோவான்ஸ்நானன் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம் என்று சொல்லுகிற யோர்தான் துறை. 1967 யுத்தத்துக்குப் பின் அடைத்துவைத்து, 2011-இல்தான் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். வழிநெடுக முள்வேலி, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வெள்ளை அங்கி வாங்கச் சொல்லி ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். படித்துறையில் காலூன்ற இடமில்லை. ஜெபிக்கிறவர்களை முழங்கையால் தள்ளிவிட்டுப் படம் எடுக்கிறார்கள். மனசு கசந்துபோயிற்று. நதியும் வாய்க்கால் அகலம்தான், கலங்கின தண்ணீர். எதிர்க்கரை ஜோர்தான் தேசம்.

அந்த நெரிசலில் பாஸ்டர் மத்தேயு 3:9 வாசித்தார். "தேவன் இந்தக் கல்லுகளினாலே ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டுபண்ண வல்லவராயிருக்கிறார்." வாசித்துவிட்டு, யோவான்ஸ்நானன் வாயில் இது எப்படி ஒலித்திருக்கும் என்று சொன்னார். எபிரெயத்தில் பிள்ளைகள் 'பனீம்', கற்கள் 'அவானீம்'. 'பென்' என்றால் மகன். அதற்கு முன்னால் ஆலெப் என்ற ஒரே எழுத்தைச் சேர்த்து எழுதினால் 'எவென்', கல். சுவிசேஷம் எழுதப்பட்ட கிரேக்கத்தில் இந்த ஓசை இல்லை, நம் தமிழிலும் இல்லை. மகனைக் கொன்ற தோட்டக்காரர்களின் உவமையைச் சொன்ன இயேசு, உடனே 'ஆகாதென்று தள்ளின கல்' என்று 118-ஆம் சங்கீதத்தை எடுப்பதும் இதே உறவில்தானாம்.

எத்தனை தடவை வாசித்த வசனம்! பரிசேயருக்கு விழுந்த கண்டிப்பு என்றே நினைத்திருந்தேன். ஒரு கல்யாண வீட்டில், என் காதில் விழும்படியே, "அவ வயிறு கல்லு" என்று சொன்னார்கள். அந்த ராத்திரி நான் அழுத அழுகை ஆண்டவருக்குத் தெரியும்.

வரும் வழியில் பொறுக்கின கூழாங்கற்களை மகள் கைக்குள் இறுக்கி வைத்திருந்தாள். விரல்களை விரித்துக் காட்டினாள். மூன்று கல், வேர்வையில் நனைந்து. "உனக்குத்தாம்மா."

மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன ஜெபம் ஒரு வரிகூட வரவில்லை. ஒரே ஓர் எழுத்து, அதை எடுத்துப்போட உமக்கு எவ்வளவு நேரம் ஆண்டவரே! ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், அது மட்டும்தான் வாயில் வந்தது. பஸ் கிளம்புகிறது என்று கூப்பிட்டார்கள். அவள் மூன்று கல்லையும் என் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.