பிசாசு பீர் குடித்த மேட்டுநிலம்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், நியூட்டன் ஆபட் ரயில் நிலையத்திலிருந்து விடிகம்ப் கிராமத்துக்கு டாக்ஸிக்காரர் வாங்கிய பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மீட்டர் என்றதும் அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டது. டார்ட்மூர் மேட்டுநிலத்துப் பக்கம் பஸ் அரிது என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

தேவாலயத்தைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கியது. கையளவு ஊருக்கு 120 அடி உயரக் கருங்கல் கோபுரம்! 1638 அக்டோபர் 21, ஞாயிறு வழிபாட்டின் நடுவே இங்கே இடி விழுந்தது. நெருப்புப் பந்து ஒன்று உள்ளே புகுந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நால்வர் மாண்டனர், சுமார் 60 பேருக்குக் காயம். நடந்ததையெல்லாம் செய்யுளாக எழுதிய பலகைகளை உள்ளே மாட்டியிருக்கிறார்கள்.

ஊர்க்கதையோ பழியைப் பிசாசின் தலையில் போடுகிறது. வரும் வழியில் பவுண்ட்ஸ்கேட் விடுதியில் அது பீர் குடித்ததாம்; தொண்டையில் இறங்கும்போது பீர் 'சுர்'ரென்று கொதித்ததாம். கொடுத்துவிட்டுப் போன தங்கக் காசுகள் பிறகு காய்ந்த இலைகளாயின. என் டாக்ஸிக்காரருக்கு ஏற்ற நாணயம்!

ஊருக்கு மேலே ஹேமல்டவுன் முகடு. நல்ல ஏற்றம், முகத்தில் அறையும் காற்று, எங்கும் மட்டக்குதிரைகள். வழியில் வரிசையாக வெண்கலக் கால ஈமமேடுகள். அவற்றில் ஒன்றை 1872இல் தோண்டியபோது குறுவாள் ஒன்றின் கைப்பிடிக் குமிழ் கிடைத்தது; அம்பர் என்ற கல்லான மரப்பிசினில் செய்தது. அதில் நுண்ணிய தங்க ஊசிகள் பதித்திருந்தன. இரண்டாம் உலகப் போரில் பிளிமத் நகரில் விழுந்த குண்டு அதை அழித்துவிட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண் காத்ததை நகரத்தால் நூறாண்டுகூடக் காக்க முடியவில்லை.

முகட்டின் வடகோடிச் சரிவில் கிரிம்ஸ்பவுண்ட் என்ற வெண்கலக் காலக் குடியிருப்பு. இதற்காக எத்தனை மைலும் நடக்கலாம். பெரிய கல்மதில், உள்ளே 24 வட்ட வீடுகளின் அடித்தளங்கள், ஓரமாக ஓர் ஓடை. ஒரு வீட்டு வாசலில் காற்றைத் தடுக்க வளைந்த சுவர்கூட இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்துதான் ரொட்டியைத் தின்றேன். குளிர் சட்டென்று குறைந்தது, கட்டியவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது. 1894இல் அகழ்ந்தவர்கள் சில சுவர்களை எடுத்துக் கட்டினார்கள், ஆகவே எல்லாமே பழைய அடுக்கு என்று நம்பிவிடாதீர்கள். டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது. காசு கொடுத்து ஸ்டோன்ஹெஞ்சைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

செலவுக் கணக்கு எழுதுவதாக இருந்தேன். சுருக்கமாக இதுதான்: கற்கள் இலவசம், டாக்ஸி அநியாயம். ஊருக்கு இறங்கியதும் ஸ்கோன் என்ற குட்டி கேக் ரொட்டியைச் சாப்பிடுங்கள். டெவன் வழக்கப்படி முதலில் கிரீம், அதன்மேல் ஜாம். விலை அதிகம்தான், ஆனால் அந்தக் கிரீமுக்கு எவ்வளவும் கொடுக்கலாம்.