நைட் டூட்டிக்கு முன்னால் ஒரு சட்டி இறால்

ஜூன் 4, புதன்

இந்த மாதம் 22ஆம் தேதி வரை நர்ஸாக இருக்கும் என் மனைவிக்கு நைட் டூட்டி. எட்டு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும் என்றால் ஏழரைக்கெல்லாம் வாசலில் செருப்பு மாட்டிவிடுவாள். துறைமுகத்தில் வேலையை முடித்து நான் வீடு வந்து சேர ஆறரை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மணி நேரம்தான். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் அதற்குள் சாப்பிட வேண்டும். அதனால் ராத்திரிச் சமையலை நானே எடுத்துக்கொண்டேன். செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் கவுச்சி கிடையாது. மற்ற நாட்களில் என்ன வேண்டும் என்று கேட்டால் அவள் வாயில் முதலில் வருவது இறால்.

பையன் ஒரு வீடியோ காட்டினான். தேன், பூண்டு, சோயா சாஸ், அதில் புரட்டிய இறால். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி ஒவ்வொன்றும் மினுங்கியது. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இன்று அதைத்தான் செய்தேன்.

அரைக் கிலோ இறாலைக் கழுவி, ஈரத்தோடு ஒரே ஈடாகச் சட்டியில் கொட்டினேன். அரை நிமிஷத்தில் சட்டி முழுக்கத் தண்ணீர். இறால் வதங்கவில்லை, அவிந்தது. சாற்றை வற்ற வைக்கலாம் என்று எட்டு நிமிஷம் கிண்டினேன். சாறு கெட்டியாவதற்குள் இறால் ஒவ்வொன்றும் வளையமாகச் சுருண்டு ரப்பராகிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். மீதியை டப்பாவில் கட்டிக் கொடுத்தேன்.

ஜூன் 5, வியாழன்

டப்பா காலையில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. அடியில் தண்ணியாகக் கொஞ்சம் குழம்பு. “ரெண்டு மணிக்குத்தாங்க சாப்பிட நேரம் கெடச்சுது, பசியே இல்ல” என்றாள். பசி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்று நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஆனால் சட்டி புகைகிற சூட்டில் இருக்கும்போது தேனை விட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் கறுத்துக் கசந்துவிட்டது. தேனில் பழச்சர்க்கரை அதிகம். சீனி தாங்குகிற சூட்டை அது தாங்காது. இதைக் கருகிய பிறகு தெரிந்துகொண்டேன். மணி ஏழு இருபது. தயிர்ச்சோறும் ஊறுகாயும் கொடுத்து அனுப்பினேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கப் போகிறவளுக்குத் தயிர்ச்சோறு. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

உடன்குடிக்குப் போய் அம்மாவைப் பார்த்து வந்தேன். பதநீர்க் காலம் என்பதால் புதுக் கருப்பட்டி வந்திருந்தது. சிரட்டையில் ஊற்றி எடுத்தது. உடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பாக, லேசான புகை வாசனையோடு இருந்தது. அதை நக்கிக்கொண்டே இறால் கதையைச் சொன்னேன்.

அம்மா கேட்ட முதல் கேள்வி: “பாகு தனியா எடுத்தியா, எறாலோட சேத்தே காய்ச்சினியா?”

சேர்த்துத்தான் என்றேன்.

“அதான். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது மாவையும் சேத்தா போட்டுக் கிண்டுவோம்? பாகு தனியாப் பதத்துக்கு வரணும்ல ராசா. அப்புறந்தான் மாவு. எறாலு வேகுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வெத்தல போடுற நேரம். பாகுக்கு அது பத்தாது.”

வீடியோவில் அதற்கு ‘கிளேஸ்’ என்று ஒரு பெயர். ஜப்பான்காரர்களின் தெரியாக்கியில் ‘தெரி’ என்றாலே மினுமினுப்பு என்றுதான் அர்த்தமாம். நான் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். அது பாகு. எங்கள் வீட்டு அடுப்பில் தீபாவளிக்குத் தீபாவளி நான் பார்த்து வளர்ந்த பாகு.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தே காட்டிவிட்டாள். கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, கரைய மட்டும் தண்ணீர் விட்டு, கரைந்ததும் வடிகட்டினாள். வடிகட்டியில் மண் நின்றது. மறுபடி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டாள். முதலில் பெரிய பெரிய குமிழி. பிறகு குமிழி சிறுத்து, நெருங்கி, நுரையாக மேலே ஏறியது. கரண்டியில் எடுத்து ஒரு சொட்டை விரலில் வாங்கிக் கட்டைவிரலால் ஒற்றிப் பார்த்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது, ஆனால் நூல் வரவில்லை. “இது பிசுக்குப் பதம். ஒனக்கு இது போதும். கம்பி விட்டுதுன்னா ஆறுனதும் இறுகிப் போகும். உருட்டுப் பதம் அதிரசத்துக்கு, அது ஒனக்கு வேண்டாம்.”

புளி எப்போது என்று கேட்டேன். பாகு காயும்போதே சேர்க்கச் சொன்னாள். “சீனிப் பாகுல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் விடுவோமே, பூத்துப் போகாம இருக்க. புளியும் அதே வேலையைத்தான் செய்யும்.”

இரண்டு கிலோ கருப்பட்டி கட்டிக் கொடுத்தாள்.

ஜூன் 9, திங்கள்

மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதி வரை இருக்கிறது. ஏப்ரல் 15இல் தொடங்கினால் 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. இங்கே தூத்துக்குடியில், திரேஸ்புரம் கரைக்கு நாட்டுப்படகில் வருவதுதான் கடல் இறால். அது வந்த வேகத்தில் போய்விடும். காலையில் மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவிடம் கேட்டால், “பண்ணை எறாலுதான் தம்பி இருக்கு, நல்லாத்தான் இருக்கும், கொண்டு போ” என்றார். வெனாமி என்கிற இனம். மெக்சிகோவிலிருந்து பெரு வரைக்குமான பசிபிக் கரைதான் அதன் சொந்த ஊர். 2009இல் இங்கே வளர்க்க அனுமதி கொடுத்தார்கள், இப்போது மார்க்கெட்டில் பாதிக் கூடை அதுதான். கிலோவுக்கு ஐம்பது நிற்கிற அளவு. அரைக் கிலோ வாங்கி அங்கேயே தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகைக் கீறிக் குடல் எடுத்துக் கொண்டுவந்தேன். உரித்த பிறகு கால் கிலோவுக்குச் சற்றுக் கூட நின்றது. மஞ்சளும் உப்பும் பிரட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன்.

ஆறரைக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. இறாலை எடுத்து ஒரு வெள்ளை வேட்டித் துண்டில் பரப்பி, மேலே இன்னொரு துண்டால் ஒற்றினேன். துண்டு நனைந்தது. வேறு துண்டு மாற்றி மறுபடி ஒற்றினேன். புதன்கிழமை நான் செய்யாமல் விட்டது இதைத்தான். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாமல், காகிதம் மாதிரி ஆகும்வரை விடவில்லை.

ஒரு பக்கம் எவர்சில்வர் கிண்ணத்தில் பாகு. எலுமிச்சம்பழ அளவு கருப்பட்டி, சுண்டைக்காய் அளவு புளியின் கரைசல், இடித்த மிளகாய் வத்தல் மூன்று, தட்டிய பூண்டு எட்டுப் பல், ஒரு சிட்டிகை உப்பு. இரும்பில் இதைக் காய்ச்சக் கூடாது, புளி இரும்பைத் தின்று ருசியைக் கெடுத்துவிடும். மறு பக்கம் இரும்பு தோசைக்கல்லைக் காயவிட்டேன். தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓட வேண்டும்.

நல்லெண்ணெய் ஒரு கரண்டி. இறாலில் பாதியை மட்டும், ஒன்றோடொன்று இடிக்காமல், ஒவ்வொன்றாக வைத்தேன். ‘ஸ்ஸ்’ என்று ஒரே சத்தம், அது கடைசிவரை அடங்கவில்லை. சத்தம் அடங்கினால் தண்ணீர் விடுகிறது என்று அர்த்தம். சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து உள்ளே சிவந்துகொண்டே வந்தது. பையன் பக்கத்தில் நின்று, சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டான். அது முதலிலேயே உள்ளே இருக்கிறது, அஸ்டாஸாந்தின் என்று ஒரு நிறமி. பச்சையாக இருக்கும்போது ஒரு புரதம் அதைக் கட்டிப்பிடித்து மறைத்திருக்கிறது, சூடு பட்டதும் பிடி விட்டுப்போகிறது என்றேன். ‘பிடி விட்டுப்போகுது’ என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஒரு நிமிஷம். திருப்பிப் போட்டு இன்னொரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிறை மாதிரி வளைந்தால் எடுத்துவிட வேண்டும். தலையும் வாலும் தொட்டு வட்டமாகிவிட்டால் கதை முடிந்தது. அடுத்த பாதியும் அப்படியே.

பாகு பிசுக்குப் பதம். அடுப்பை அணைத்துவிட்டு இறாலை அதில் போட்டுப் புரட்டினேன். வழியவில்லை. கிண்ணத்தின் அடியிலும் தேங்கவில்லை. ஒவ்வொரு இறாலையும் மெல்லிசாகப் போர்த்திக்கொண்டு, ட்யூப் லைட் வெளிச்சம் அதில் கோடாகத் தெரிந்தது. மேலே நுணுக்கிய மிளகு.

ஆறு ஐம்பத்தெட்டு. சோறு, ரசம், இறால். ரசஞ்சோற்றுக்குக் கடித்துக்கொள்ள இனிப்பு, புளிப்பு, உறைப்பு மூன்றும் இருப்பது இவ்வளவு பொருந்தும் என்று நினைக்கவில்லை. அவள் ஒன்றை வாயில் போட்டு என்னைப் பார்த்தாள். “அத்த பாகு” என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

டப்பா காலியாக வந்தது. கழுவி வேறு கொண்டுவந்திருந்தாள். டூட்டி ரூம் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மணிக்கு எடுத்தபோதும் பாகு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்ததாம். கூட இருக்கிற சிஸ்டர் இரண்டு எடுத்துக்கொண்டார்களாம்.

இன்று கத்திரிக்காய்.

ஜூன் 12, வியாழன்

ஆபீஸில் கன்டெய்னர் ஒன்று சிக்கிக்கொண்டதால் வீடு வரும்போது ஏழு ஐந்து. நல்லவேளை, பாகை நேற்றே கூடுதலாகக் காய்ச்சி பாட்டிலில் வைத்திருந்தேன். பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிறுத்தினால் இளகிவிடுகிறது. இறாலைத் துடைக்க நாலு நிமிஷம், கல்லில் நாலு நிமிஷம். ஏழு இருபதுக்கு மூன்று தட்டும் தரையில். இனி பாகு எப்போதும் பாட்டிலில் இருக்கும்.

ஜூன் 18, புதன்

போட்டுகள் போக ஆரம்பித்துவிட்டன. நம்மூர் விசைப்படகு காலை ஐந்து மணிக்குப் போய் ராத்திரி ஒன்பதுக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஏலம் எடுத்தது மறுநாள் விடியற்காலை மார்க்கெட்டுக்கு வரும். அக்கா கூடையைத் திறந்து காட்டினார். வெள்ளை இறால், ஓட்டுக்குள் கண்ணாடி மாதிரி. “தலைய இங்கனயே கிள்ளிரு தம்பி, சாயங்காலம் வரைக்கும் வச்சேன்னா கொளகொளத்துப் போகும்.” தலையில் இருக்கும் சீரண நீர் இறந்த பிறகு சதைக்கு இறங்கி அதையே கரைக்கிறது. அக்காவுக்கு அது கைப்பழக்கத்தில் தெரியும்.

கடல் இறாலுக்கே ஒரு இனிப்பு உண்டு. கருப்பட்டியைப் பாதியாகக் குறைத்து, புளியை ஒரு பொட்டுக் கூட்டினேன். பண்ணை இறாலுக்குச் சொன்ன அளவை இதற்குப் போட்டால் இறாலின் ருசி அமுங்கிவிடும். எனக்கு இதுதான் பிடித்தது. பையனுக்குப் பழைய இனிப்புதான் வேண்டுமாம்.

ஜூன் 23, திங்கள்

நைட் டூட்டி முடிந்தது. இன்று அவளுக்கு ஆஃப்.

“ஓட்டோட செய்றீங்களா?” என்று கேட்டாள். இத்தனை நாளும் உரித்துத்தான் போட்டேன். உரித்து உரித்துச் சாப்பிட அவளுக்கு நேரம் ஏது? இன்று முதுகை மட்டும் கத்தரியால் வெட்டிக் குடல் எடுத்து, ஓட்டோடு கல்லில் போட்டேன். இரண்டு நிமிஷம் கூடப் பிடித்தது. ஓடு முறுகியது, பாகு அந்த வெட்டுக்குள் இறங்கியது.

ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். விரல் பத்திலும் பாகு. அவள் ஓட்டைக் கடித்து உறிஞ்சிவிட்டு, வார்டில் ஒரு பாட்டி தினமும் ராத்திரி அவளைத் தன் மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னாள். பையன் பள்ளிக்கூடக் கதை சொன்னான். பாதியில் ரசத்தைச் சுடவைக்க எழுந்தேன், இன்னொரு தடவையும் எழுந்தேன். எட்டரைக்கும் தட்டில் இறால் இருந்தது.

கிள்ளிய தலைகளை இஞ்சியும் மிளகும் போட்டு வேகவைத்து வடித்த தண்ணீர் ஒரு சொம்பு ஃப்ரீசரில் இருக்கிறது. நாளை செவ்வாய். புதன்கிழமை ரசத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.