பொலிகுதிரையைப் பார்க்கப் போய்க் குட்டிகளைப் பார்த்தேன்

என் பெண்குதிரை சென்னையிலும் ஊட்டியிலும் ஓடி நான்கு பந்தயங்களை வென்றவள். ஆறு வயதில் ஓட்டத்தை நிறுத்தி, கர்நாடகத்தில் ஒரு பண்ணையில் விட்டேன். அவளை எந்தப் பொலிகுதிரையோடு சேர்ப்பது என்று முடிவெடுப்பதற்குள் ஒரு மழைக்காலமும் பனிக்காலமும் கழிந்துவிட்டன.

சுழி பார்த்துக் குதிரை வாங்கிய குடும்பம் எங்களுடையது. ஜட்கா வண்டிக்குக் குதிரை பிடிக்கும்போது தாத்தா நெற்றிச் சுழியைப் பார்த்த பிறகுதான் காலைப் பார்ப்பார். தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்துக்கு அந்த முறை உதவாது. குளம்பில் தொடங்கி மேலே போக வேண்டும். சுமார் 500 கிலோ உடம்பில் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. முழு ஓட்டத்தில், ஒரு கணம் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான விசை ஒற்றை முன்னங்காலில் இறங்குகிறது. அந்தக் கால் கோணலாக இருந்தால் எவ்வளவு உயர்ந்த வம்சாவளியும் அதைக் காப்பாற்றாது.

பொலிகுதிரையைத் தேடுவதற்கு முன் என் குதிரையின் குறையை நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. தோள் நல்ல சரிவு, நெஞ்சு ஆழம், குணம் தங்கம். ஆனால் வலது முன்குளம்பு வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்; முழங்காலுக்குக் கீழே எலும்பும் மெலிவு. அதே குறை உள்ள ஆண்குதிரையோடு அவளைச் சேர்ப்பது குட்டிக்குச் செய்யும் துரோகம். செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைத் தரோபிரெட் பதிவேட்டில் ஏற்க மாட்டார்கள் என்பதால், வெளிநாட்டு விந்தணுவை வரவழைக்கும் வழியும் கிடையாது. பொலிகுதிரை இருக்கும் இடத்துக்கு அவள்தான் போயாக வேண்டும்.

முதலில் பார்த்த பொலிகுதிரை சிலைபோல இருந்தது. கறுத்த செம்பழுப்பு, 16 கை உயரம் (ஒரு கை என்பது நான்கு அங்குலம்), வளைந்த கழுத்து. அதன் மகன் ஒருவன் பெரிய பந்தயம் வென்றவன் என்று பண்ணையில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் கணக்குக் கேட்டேன். மொத்தம் எத்தனை குட்டிகள் பிறந்தன, அவற்றில் எத்தனை பந்தயக் களத்துக்கு வந்தன, வந்தவற்றில் எத்தனை வென்றன? வெற்றி பெற்றவனின் பெயரை எல்லாரும் சொல்வார்கள். காலொடிந்து களத்துக்கே வராதவற்றின் எண்ணிக்கையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

குட்டிகளைக் காட்டச் சொன்னபோது இரண்டை மட்டும் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தார்கள். இரண்டும் குறை சொல்ல முடியாதவை. மற்றவற்றையும் பார்க்க வேண்டும் என்று நான் விடாமல் கேட்கவே, வயதான குதிரைக்காரர் ஒருவர் பின்பக்க மேய்ச்சல் நிலத்துக்கு அழைத்துப் போனார். "ஐயா, முகத்தைப் பார்க்க வேண்டாம். பக்கவாட்டில் நின்று முழங்காலைப் பாருங்கள்" என்றார். தோள்பட்டையின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டால், நூல் முழங்காலையும் கணுவையும் நடுவாகப் பிளந்து குளம்புக்குச் சற்றுப் பின்னால் விழ வேண்டும். அங்கே நின்ற ஒன்பது ஒரு வயதுக் குட்டிகளில் ஆறுக்கு முழங்கால் அந்தக் கோட்டுக்குப் பின்னே உள்வாங்கியிருந்தது. வேகமாக ஓடும்போது முழங்காலின் முன்பக்க எலும்புகள் ஒன்றோடொன்று நசுங்கிச் சில்லு பெயர்வது இப்படிப்பட்ட கால்களில்தான். திரும்பி வந்து அப்பனை மறுபடி பார்த்தேன். அதே உள்வாங்கல் அதனிடமும் இருந்தது, ஒரு விரற்கடை அளவுக்கு. தசையின் அழகில் காலையில் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

ஆறு குட்டிகளுக்கும் தாய்கள் வேறு வேறு. எல்லாவற்றிலும் ஒரே குறை வந்தால் அது அப்பன் கொடுத்தது. அதற்காகத் தாய்களை மறந்துவிடக் கூடாது. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது குதிரைக்கும் பொருந்தும். புகழ்பெற்ற பொலிகுதிரைக்குச் சிறந்த பெண்குதிரைகள்தான் வந்து சேர்கின்றன. குட்டி சோபித்தால் பெருமையில் பாதி தாயுடையது. ஆகவே அதே பெண்குதிரைகள் வேறு ஆண்குதிரைகளுக்கு ஈன்ற குட்டிகள் எப்படி ஓடின என்று ஒப்பிட்டேன். எனக்கு மிகவும் தெளிவு தந்தது இந்த ஒப்பீடுதான்.

இன்னொன்றும் உண்டு. நெஞ்சு ஒடுங்கிய இளங்குட்டிகளுக்குக் குளம்பு சற்று வெளியே திரும்பியிருப்பது இயல்பு. நெஞ்சு விரிய விரிய நேராகும். எனவே மூன்று மாதக் குட்டியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு வயதுக் குட்டியின் கால் நேராக இருந்தால், முழங்காலுக்கும் கணுவுக்கும் அருகே முடியை விலக்கித் தடவிப் பாருங்கள். திருகாணி வைத்து நிமிர்த்திய காலில் சிறு தழும்பு தட்டுப்படலாம். அறுவை சிகிச்சை அந்தக் குட்டியின் காலை நிமிர்த்தும், வம்சத்தில் வருவதை நிமிர்த்தாது.

இரண்டாவது பொலிகுதிரை 15 கை 2 அங்குலம்தான். பின்புறம் சரிவு, தலை சற்றுப் பெரிது. உயரம் என்னைத் தயங்க வைக்கவில்லை. நார்தர்ன் டான்சரை ஒரு வயதில் 25,000 டாலருக்கு வாங்க ஆளில்லாமல் போனதற்கு அதன் குள்ள உருவமும் ஒரு காரணம். 1964இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற அந்தக் குதிரையின் வம்சம்தான் இன்று உலகெங்கும் ஓடுகிறது. இங்கே குட்டிகளை மறைக்கவில்லை. பதினொன்றையும் நனைத்துச் சமன்செய்த மணலில் நடத்திக் காட்டச் சொன்னேன். கண் ஏமாறலாம், மணலில் பதிந்த குளம்படி ஏமாற்றாது. ஒன்றைத் தவிர எல்லாத் தடங்களும் நேர்கோட்டில் விழுந்திருந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பு தடித்து, என் குதிரையிடம் இல்லாதது அத்தனை குட்டிகளிடமும் இருந்தது. சரிந்த பின்புறம் பல குட்டிகளுக்கு வந்திருந்ததை நான் பொறுத்துக்கொண்டேன்.

சேர்க்கையை பிப்ரவரி பாதிக்கு மேல் வைத்தோம். சினைக்காலம் சுமார் 340 நாட்கள். எல்லாத் தரோபிரெட்டுக்கும் இங்கே ஜனவரி 1தான் பிறந்தநாள் என்பதால், டிசம்பர் கடைசியில் பிறக்கும் குட்டிக்குச் சில நாட்களிலேயே ஒரு வயது ஆகிவிடும். பதினைந்தாம் நாள் ஸ்கேனில் இரட்டைக் கரு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

குட்டி பெண். இப்போது பதினான்கு மாதம். போன வாரம் அவளையும் ஈர மணலில் நடத்தினோம். குனிந்து பார்த்தேன். வலது முன்குளம்பு இன்னும் கொஞ்சம் வெளியே திரும்புகிறது, தாயினுடையதில் பாதிகூட இல்லை. முழங்காலுக்குக் கீழே என் விரல்களால் சுற்றிப் பிடித்தேன். அம்மாவின் காலில் ஒன்றையொன்று தொடும் விரல்கள் இவளிடம் தொடவில்லை.