பரணில் ஏழு தட்டு

மே 5, 2025 திங்கள்

கத்திரி நேற்றே தொடங்கிவிட்டது. லீவுக்குக் கூப்பிட ஆள் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் போயாச்சு. இல்லத்தில் என் பொறுப்பில் இருக்கிற ஒன்பது பேர் வீட்டில் இப்போது நாலு பேர்தான். கை கேட்க மாட்டேன் என்கிறது, ஒன்பது பேர் அரிசியையே அளந்து போடுகிறேன். சாயங்காலம் ஆபீசிலிருந்து போன். சின்னவளுக்குத் தாய்மாமன் வந்திருக்கிறாராம்.

மே 6

இவ்வளவு நாள் எங்கே இருந்தார்?

மே 8 வியாழன்

ஆபீஸில் வைத்துப் பார்த்தோம். உசிலம்பட்டிப் பக்கம், டிராக்டர் ஓட்டுகிறார். கடலை மிட்டாய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் என் சேலைக்குப் பின்னால்தான் நின்றாள். மிட்டாயை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கேரளாவில் வேலையில் இருந்தாராம், அக்கா செத்ததே ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியுமாம். நம்பலாமா என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ப்பு விழுந்த கைதான்.

"இன்னும் காது குத்தலையாக்கா?" என்றார்.

மற்ற எட்டுப் பேருக்கும் என் மடியில் வைத்துத்தான் குத்தினோம். போன வருஷம் ஆசாரி வந்தபோது இவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிவிட்டேன். காய்ச்சல் எல்லாம் இல்லை.

மே 10 சனி, ராத்திரி

அழகர் மலையிலிருந்து கிளம்பிவிட்டார். நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். கள்ளந்திரி முழுக்க ஜனம். சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றி நிற்கிறவர்களுக்கு நடுவில் சின்னவள் என் இடுப்பில்.

"சாமி எங்கம்மா போறாரு?"

"தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு."

"கல்யாணம் முடிஞ்சிருச்சுல்ல?"

டிவியில் பார்த்திருக்கிறாள். தங்கச்சிக்கு லேட்டாக வந்து சேர்கிற அண்ணன் இந்த ஊருக்குப் புதுசா என்ன. அப்படி நினைத்ததும் அந்த மனுஷன் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. காலையில் திரும்பவும் ஏறிக்கொள்ளும்.

மே 12

ஆற்றில் இறங்கியதை டிவியில் பார்த்தோம். இன்றும் சோறு மிச்சம்.

மே 14 புதன்

தாய்மாமன் வீட்டைச் சமூகப் பணியாளர் போய்ப் பார்த்து வந்திருக்கிறாள். ஓட்டு வீடு, கக்கூஸ் இருக்கிறது, அத்தைக்காரி நல்ல மாதிரி, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். மாசம் 4,000 ரூபாய் அரசு உதவிக்கு எழுதிப் போடலாம் என்கிறாள். அதற்காகத்தான் வந்தாரோ என்று கேட்டுவிட்டேன். "அப்படி ஒண்ணு இருக்குன்னு நான் சொல்லித்தான்க்கா அவருக்கே தெரியும்" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

சொந்தக் குடும்பத்தில் வளர வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லம் கடைசி வழி. 2015 இளைஞர் நீதிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பயிற்சி வகுப்பில் இதே கேள்விக்குக் கை தூக்கிப் பதில் சொல்லிக் கைதட்டு வாங்கியவள் நான்.

அவள் அறிக்கையில் 'பராமரிப்பாளருடன் உறவு' என்று ஒரு கட்டம். அதற்குள் 'நல்லது' என்று எழுதியிருக்கிறாள். கட்டம் அவ்வளவுதான்.

மே 16 வெள்ளி

பத்தாவது ரிசல்ட். 19 என்றார்கள், இன்றைக்கே விட்டுவிட்டார்கள். மூத்தவள் பாஸ்! கணக்கில் 41. கேசரி கிண்டினேன். தட்டை வழித்துக்கொண்டே கேட்கிறாள்: "அவ தட்டைக் குடுத்து விடுவியா, பரண்ல ஏத்துவியாம்மா?"

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

மே 19

தூக்கம் இல்லை. பரணில் ஏழு தட்டு இருக்கிறது. வரும்போது ஆளுக்கொரு தட்டும் டம்ளரும் டவுனில் வாங்கி, கடையிலேயே பெயர் வெட்டி வாங்குவது என் வழக்கம். போகிற பிள்ளைக்குப் புதுத் துணி, பெட்டி, சர்டிபிகேட் எல்லாம் கொடுத்துவிடுவோம். தட்டை மட்டும் நான் கொடுத்ததில்லை. திரும்பி வந்தால் வேண்டுமே என்று சொல்லிக்கொள்வேன். யாரும் திரும்பி வரவில்லை, அது நல்லதுதான். இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. தட்டு மட்டும் தூசி பிடித்துக்கொண்டு கிடக்கிறது. ஏழையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன், மணி இரண்டு.

சின்னவள் தட்டில் கடைக்காரர் ஒரு துணைக்கால் விட்டுவிட்டார். (பெயரை இங்கே எழுதக் கூடாது, இல்லாவிட்டால் காட்டுவேன்.) எல்கேஜி முடித்தவள் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து "இது நான் இல்ல" என்கிறாள்.

மே 20

மாமன் போன் செய்தார். ஆவணியில் காது குத்தாம். "மடி என்னதுதான், ஆனா நீங்கதான் முன்னாடி நிக்கணும்" என்றார். சரி என்றேன். போனை வைத்த பிறகு எரிச்சலாக வந்தது, என்னிடம் எதற்குக் கேட்கிறார்.

மே 22 வியாழன்

டவுனுக்குப் போய்க் கால் வெட்டி வாங்கி வந்தேன். பத்து ரூபாய் கேட்டார். உங்க தப்புதானே என்று சண்டை போட்டுவிட்டுக் கொடுத்தேன்.

மே 23

பதினோரு மணிக்குக் குழந்தைகள் நலக் கமிட்டி. ரெட்டைச் சடை போட்டாச்சு. தட்டு பெட்டிக்குள் அடங்கவில்லை, துண்டில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன். வேன் வந்துவிட்டது. சாயங்காலம் வந்து எழுதுகிறேன்.