வட்டம் இருந்தால் நம்ம பஸ்

கட்டடக் கலைப் படிப்பில் நான்காம் ஆண்டு ஸ்டுடியோ வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த வேலை இது: ஒரு ஓவியரையும் ஒரு சிந்தனையாளரையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் பார்த்த விதத்திலிருந்து சொந்த ஊருக்கு ஒரு கட்டடம் வரைய வேண்டும். எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். வாசகசாலை வரைவது என்று முடிவு செய்தேன்.

ஓவியர், கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்கு, பொடி எழுத்து எல்லாம் நிறைந்து கிடக்கும். மலையாளம் போலவே தெரியும். படிக்கப் போனால் ஒரு வார்த்தைகூட அகப்படாது. சிந்தனையாளர், காந்தி. வீடு கட்டத் தேவையான பொருளெல்லாம் ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் காந்தி வந்துசேர்ந்தது பேக்கர் வழியாகத்தான்.

முதல் ஜூரிக்கு, அதாவது நடுவர் வந்து எங்கள் வேலையைப் பார்க்கும் நாளுக்கு, பணிக்கரின் குறிகளைப் பெரிதாக்கி, முகப்புச் சுவர் முழுக்கத் துளைகளாக வெட்டி மாடல் செய்திருந்தேன். மூன்று இரவு வேலை. வந்திருந்த நடுவர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “இது பணிக்கரோட எழுத்து. உன் ஊர் இதுல எங்கே?” என்றார். மிகவும் வலித்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

அந்த வாரம் அப்புச்சியை, அம்மாவின் அப்பாவை, கண் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பாலக்காட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். அவருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. நான் பலகையைப் படிப்பதற்குள் அவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “கடைசில வட்டம் இருந்தா நம்ம பஸ்ஸு கண்ணு. தலைல பெறை இருந்தா பாலக்காடு.” வேலந்தாவளம் என்று மலையாளத்தில் எழுதினால் கடைசி ‘ம்’ வெறும் வட்டம்தான். பாலக்காட்டின் கடைசி எழுத்துக்கு மேலே சின்னப் பிறை ஒன்று நிற்கும். நாற்பது வருடமாக அவர் எழுத்தைப் படமாகப் பார்த்தே பயணம் செய்திருக்கிறார். பணிக்கர் படங்கள் எனக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான்.

முகப்பு எழுத்துகளை எல்லாம் எடுத்துவிட்டேன். ஒவ்வோர் அறைக்கும் அதற்கே உரிய வடிவத்தில் ஒரு திறப்பு என்று வைத்தேன். பத்திரிகைக் கூடத்துக்கு முழு வட்டம், பிள்ளைகள் அறைக்குப் பிறை போன்ற வளைவு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் யாரையும் கேட்காமல் தன் அறைக்குப் போகலாம்.

அப்புறம் காந்தியின் ஐந்து மைல். வரைபடத்தில் காம்பஸ் வைத்து 8 கிலோமீட்டர் வட்டம் போட்டேன். வட்டத்தின் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்குள் போய்விட்டது. ஸ்கூட்டியில் அதைச் சுற்றி வந்தேன். சூளைச் செங்கல், இடித்த வீடுகளின் பழைய ஓடு, வயிரம் பாய்ந்த பனை. எங்கள் பழைய வீட்டுக் கூரையே பனங்கையில்தான் நிற்கிறது என்பதை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

சுவருக்கு பேக்கரின் எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வைப்பது. 9 அங்குலச் சுவரில் நடுவே 3 அங்குலம் காலியாக நிற்கும். வெயில் உள்ளே இறங்காது, செங்கலும் ஏறக்குறைய கால்வாசி மிச்சம். வரைவது சுலபம். கட்டிப் பார்க்காமல் ஜூரிக்குப் போகக்கூடாது என்று ஊர் மேஸ்திரியிடம் போனேன். அவர் இந்தக் கட்டைக் கட்டியதில்லை. “நிக்குமா அம்மிணி?” என்று கேட்டுக்கொண்டே முதல் வரியை வைத்தார். கரணையால் சாந்தை வழக்கம்போல் அள்ளிப் போட, அது முழுக்க நடுப்பள்ளத்தில் விழுந்தது. இரண்டாம் வரியில் 3 அங்குலப் பலகைத் துண்டு ஒன்றைப் பள்ளத்தின் மேல் வைத்துக்கொண்டு சாந்து போட்டார். விழவில்லை. அந்தப் பலகையை என் ஷீட்டிலும் வரைந்திருக்கிறேன்.

மேல் பாதியைத் துளை விட்டுக் கட்டினோம். ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று. சுவருக்குப் பின்னால் செய்தித்தாளை விரித்துப் பிடித்தால் கையிலேயே கிழிந்தது. வாசகசாலையில் இது நடக்கக்கூடாது. மேற்குச் சுவரை மேசைக்கு மேல் ஒன்றரை அடி வரை மூடிவிட்டு, துளைகளை அதற்கு மேலே ஏற்றினேன். காற்று தலைக்கு மேல் போகும், தாள் மேசையிலேயே கிடக்கும்.

கூரை, ஓடு பதித்த கான்கிரீட். தளத்தின் அடிப்பகுதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட் வெறும் சுமை, அதனால் அந்த இடத்தில் பழைய ஓடு. கணக்கு போட்டுக் கொடுத்தது சிவில் படிக்கும் தோழி.

இறுதி ஜூரியில் அதே நடுவர். இந்த முறை இருபது நிமிடம் நின்றார். மேற்கு மழை துளை வழியே உள்ளே அடிக்குமே என்று கேட்டார். நான் யோசிக்காத விஷயம். இறவாரத்தை மூன்றடி வெளியே நீட்டி மறுநாள் காலை புது ஷீட் கொடுத்தேன்.

மாதிரிச் சுவரை இடிக்க வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவர் வீட்டுக் குளியல் தொட்டிக்கு மறைப்பாக நிற்கிறது.